இரண்டாம் நாள், மதியத்துக்கு மேல்

ஸுக்தீதி நகரில், இசைப்பள்ளியின் மாடியில்
பதினாறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஒரே ஒரு ஹீட்டர்,
அதுவும் ஏத்தேரி ஷோனியாவின் காலடியில்.
அவர் பல் டாக்டர்.
அழுகிற பிள்ளையின் வாயை இரண்டு விரலால் திறக்கும் வித்தையை
முதல் நாள் காலையே செய்துகாட்டினார்.
யாரும் கைதட்டவில்லை.

நீச்சல் பயிற்சியாளர் தொதுவா வந்திருந்தார்.
ஒரு போலீஸ்காரி, குறிப்பேடு முழுக்கப் பூனைகளாய் வரைந்தாள்.
நான் பள்ளியின் வாயிற்காவலன்.
ஓடாதே. நில். தொப்பியைக் கழற்று.
பன்னிரண்டு வருடமாய்
என் அகராதி அவ்வளவுதான்.

பயிற்சி தர வந்தவள் கத்தூனா,
குத்தைசியிலிருந்து விடிகாலை மினிபஸ்ஸில்.
ஜலதோஷத்தோடு பேசினாள்.
மூளையின் படத்தைத் திரையில் போட்டு
பாதாம் பருப்பளவு ஓர் இடத்தைக் காட்டினாள்.
தீ அணைந்து வருடங்கள் ஆன பிறகும்
அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்குமாம்.
பாதாம் என்றதும் எனக்குப் பசித்தது.
உள்ளதைச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு
"எல்லாரும் மண்டியிடுங்கள்" என்றாள்.
போலீஸ்காரி சிரித்தாள்.
தொதுவாவின் முழங்கால் சடக்கென்றது.
"ஏழு வயதின் உயரம் இது.
இங்கிருந்து கதவைப் பாருங்கள்."

பார்த்தேன்.
வாசலில் முகம் எதுவும் இல்லை.
பெல்ட் இருந்தது, அதன் கொக்கி இருந்தது.
கைகள் இருந்தன, பெரிய கைகள்,
எதற்காக வருகின்றன என்று தெரியாத கைகள்.
என் சாவிக்கொத்தை இரவல் வாங்கிக்கொண்டு
ஏத்தேரி வெளியே போய்
மறுபடி உள்ளே வந்தார்.
சத்தம் முதலில் வந்தது.
ஆள் பிறகுதான்.

பாச்சோ.

மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களுக்கு நடுவே
மணியடித்ததும் போய் ஒளிகிறான் என்றுதான்
செப்டம்பரிலிருந்து நினைத்திருந்தேன்.
மணிக்கு முன்பே ஒளிந்திருக்கிறான்.
வகுப்புகளைப் பூட்ட நான் கிளம்புகிற நேரம்.
மூன்று முறை காலரைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.
மூன்றாம் முறை கால்சட்டை நனைந்தது.
"இவ்வளவு பெரிய பையன்" என்றேன்,
மற்றப் பிள்ளைகள் காதில் விழும்படி.
இதை அந்த அறையில் சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்.

பயந்த பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம்
என்று கேட்டாள் கத்தூனா.
"தைரியம் சொல்லலாம்" என்றார் தொதுவா.
அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
"முதலில் கொஞ்சம் குட்டையாகலாம்."

சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.
வீட்டில் ஒற்றையாய்க் கிடந்த கம்பளிக் காலுறைக்குள்
சாவிக்கொத்தைப் போட்டு முடிச்சிட்டேன்.
சுகுமியில் அம்மா பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியும்
அதே கொத்தில்தான் இருக்கிறது.
இன்று எந்தப் பூட்டுக்கும் ஆகாது.
நடக்கும்போது அது மற்றதோடு உரசினால்
எனக்கு நிம்மதி.
அவனுக்கு அதே சத்தம் என்னவோ.
நான் கேட்கவில்லை.
கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வேறு.

திங்கட்கிழமை மாடிப்படிக்கு இரண்டு கை தூரத்தில்
தரையில் உட்கார்ந்தேன், சுவரைப் பார்த்தபடி.
சூரியகாந்தி விதை கொறித்தேன்.
தலைமையாசிரியை நின்று
"உடம்புக்கு முடியலையா, ஜிக்கியா?" என்றார்.
ஒன்றும் நடக்கவில்லை.
செவ்வாயும் அப்படியே, இடுப்பு வலியைத் தவிர.
புதன்கிழமை ஒரு துடைப்பம் சரிந்து விழுந்தது.
நான் எடுக்கவில்லை.
இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு
அதை நிமிர்த்தி வைத்தது.

வெள்ளிக்கிழமை, மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில்,
"அதுல என்ன?"
சாவி, என்றேன்.
விதை மெல்லும் சத்தம்தான் கொஞ்ச நேரம்.
"இன்னொரு காலுறை எங்கே?"
தெரியவில்லை, தொலைந்துவிட்டது என்றேன்.
அவன் அதைப் பற்றி யோசித்தான்.
நன்றாகவே யோசித்தான்.
"கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா?"